இணைப்பு என்கிறோம், நடந்தது சேர்ப்பு

திருவொற்றியூரில் இருக்கும் என் அத்தை வீட்டு வரி கட்டக் கிளம்பினால், "முன்சிபால்டிக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் இன்றைக்கும் சொல்வார். அங்கே நகராட்சி என்று ஒன்று இல்லாமல் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. "இப்ப நாம கார்ப்பரேசன் அத்தே" என்று ஒருமுறை திருத்தினேன். "தெரியும்டா, அதான் சேத்துட்டாங்களே" என்றார். அவர் வாயில் வந்தது 'சேத்துட்டாங்க'. செய்தித்தாளில் நாம் படித்தது 'இணைப்பு'. இரண்டும் ஒன்றுதானே என்று அப்போது விட்டுவிட்டேன். அப்புறம் யோசித்தால், ஒன்றில்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 2009இல் அரசு முடிவெடுத்து, 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலோடு நடைமுறைக்கு வந்த விரிவாக்கத்தில், சென்னை மாநகராட்சிக்குள் 42 உள்ளாட்சிகள் வந்தன: 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. அதாவது, புதிதாக வந்த நிலம் பழைய நகரத்தைவிடப் பெரியது. வடக்கே கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய நான்கு நகராட்சிகளும், புழல், சின்னசேக்காடு பேரூராட்சிகளும், இடையஞ்சாவடி, சடையான்குப்பம், வடபெரும்பாக்கம் மாதிரியான ஊராட்சிகளும் உள்ளே போயின. ஆனால் வார்டுகளைப் பிரிக்கும்போது பழைய சென்னைக்கு 107, புதிதாக வந்த பகுதிகளுக்கு 93. மக்கள்தொகை அடிப்படையில் அது சரியாகக்கூட இருக்கலாம். இதைத்தான் 'இணைப்பு' என்று எழுதினோம்.

இணை என்றால் ஜோடி. வேரிலேயே சமம் என்ற பொருள் இருக்கிறது. 'இணையடி' என்றால் இரு பாதங்கள். 'ஈடு இணையற்ற' என்றால் சமமானது வேறில்லை என்று பொருள். 'இணைபிரியாத' என்று அன்றில் பறவைகளைச் சொல்வோம், காக்கைக் கூட்டத்தைச் சொல்ல மாட்டோம். யாப்பில் இணை மோனை என்பது முதல் இரண்டு சீரும் மோனையால் சேர்ந்து நிற்பது. ஆக, இணைப்பு என்று சொன்னால் இரண்டு சம ஆட்கள் கைகோத்து நிற்கும் படம் மனதில் வர வேண்டும். அலுவலகத் தமிழ் இதைக் கொஞ்சம் வளைத்துவிட்டது. இணை ஆணையர் என்றால் ஆணையருக்கு இணையானவர் என்று யாரும் நினைப்பதில்லை. அவருக்குக் கீழே ஒரு படியில் இருப்பவர். வளைந்த இந்தப் பொருளில்தான் கத்திவாக்கமும் 'இணைக்கப்பட்டது' என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

இங்கிலீஷில் இதற்குப் புழங்கும் 'மெர்ஜ்' என்ற சொல் இன்னும் வெளிப்படை. அது 'மெர்கெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொருள்: முக்கு, மூழ்கடி. சட்டத்தில் அது நுழைந்தபோது, சின்ன உரிமை பெரிய உரிமைக்குள் மூழ்கித் தன் தனி இருப்பை இழப்பதைக் குறித்தது. 'அமால்கமேஷன்' என்பது வேறு வழி: பாதரசத்தோடு இன்னொரு உலோகத்தைக் கலக்கும் ரசக்கலவையிலிருந்து பிறந்தது. கலந்தபின் இரண்டும் பழைய உருவில் இருக்காது. ஒன்று மூழ்குவது, இன்னொன்று கரைவது. மழைக்காலத்து மணலியைப் பார்த்தவர்களுக்கு முதல் சொல் நன்றாகவே புரியும்.

அத்தையின் 'சேர்', சமமாகக் கைகோக்கும் இணைப்புக்கும் மூழ்கடிக்கும் மெர்ஜுக்கும் நடுவில் நிற்கிறது. பணம் சேரும், கூட்டம் சேரும், பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம். கடைசி உதாரணத்தில் பையனிடம் யாரும் கேட்பதில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய் விடுகிறோம், அவ்வளவுதான். அவன் நல்லதுக்குத்தான். பெரிய ஒன்றுக்குள் சின்னதை இன்னொருவர் கொண்டுபோய் விடுவதற்குத் தமிழில் இயல்பாக வரும் வினை இதுதான். சேரி என்ற சொல்கூட ஆட்கள் சேர்ந்திருக்கும் இடம் என்ற பொருளில் இதே வேரில் பிறந்ததுதான். இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது, இங்கே அவசியமில்லை என்றாலும்: சங்கத் தமிழில் 'சேர்ப்பு' என்றால் கடற்கரை. நெய்தல் தலைவனுக்குச் சேர்ப்பன் என்று பெயர். எண்ணூர்க் கரையில் நின்று யோசிக்க நல்ல சொல்.

சரி, சேர்க்கப்பட்ட 'முனிசிபாலிட்டி' என்பதன் கதை என்ன? இதுதான் எனக்கு வியப்பான பகுதி. லத்தீனில் 'மூனுஸ்' என்றால் கடமை, பொறுப்பு. கொடை என்றும் பொருள் உண்டு. 'காபெரே' என்றால் எடுத்துக்கொள். கடமையை ஏற்றவர்களின் ஊர் 'முனிசிபியம்'. ரோம் தன் பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வந்த காலத்தில், அந்த ஊர்க்காரர்களுக்கு ரோமின் குடியுரிமை கிடைத்தது, அதன் கடமைகளும் சேர்ந்து வந்தன, ஆனால் உள்ளூர் நிர்வாகம் அவர்கள் கையிலேயே இருந்தது. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் முனிசிபியம் என்று பெயர். பெரிய நகரோடு சேர்ந்த பிறகும் தன் வீட்டுக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்ட ஊர். அந்தப் பெயரைத் தாங்கிய அமைப்பைத்தான் நாம் சேர்க்கும்போது முதல் வேலையாகக் கலைக்கிறோம்.

தமிழில் இதற்கு நகரசபை, நகராண்மைக் கழகம் என்று வழங்கிவந்து இப்போது நகராட்சி நிலைத்துவிட்டது. சங்கப் பாட்டில் 'நகர்' என்றால் மாளிகை அல்லது கோயில். சோழர் கல்வெட்டில் 'நகரம்' என்றால் வணிகர்களின் அவை. ஊர் என்ற இன்றைய பொருள் இவற்றோடு கலந்து வந்தது. 'ஆண்மை' ஆளும் தன்மை. 'ஊராண்மை' என்ற சொல் குறளில் 773ஆம் பாட்டில் வருகிறது. அங்கே அதற்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் நிர்வாகம் அல்ல, உபகாரம்: எதிரிக்குக் கஷ்டம் வந்தால் உதவுவது. லத்தீன் மூனுஸில் கடமையும் கொடையும் ஒட்டியிருப்பதைப் போல இங்கேயும் ஆளுதலும் உதவுதலும் ஒட்டியிருக்கின்றன. நகராண்மை என்ற சொல்லைக் கைவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கார்ப்பரேசனுக்கும் ஒரு வரி: 'கார்ப்புஸ்' என்றால் உடல். 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கோட்டையை ஒட்டி உண்டாக்கிய மாநகராட்சி, சட்டம் செய்த ஓர் உடல். அந்த உடல்தான் கைகால் நீட்டி எண்ணூர் வரை வந்திருக்கிறது.

பக்கத்துப் பக்கத்து சின்ன உள்ளாட்சிகள் ஒன்றாகத்தான் வேண்டுமா? வட சென்னையில் இதற்குத் தண்ணீர்தான் முதலில் பதில் சொல்லும். புழல் ஏரியில் உபரிநீர் திறந்தால் எச்சரிக்கையில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும்: நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம். வானொலியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன வரிசை. 2011க்கு முன் இந்த ஒரே கால்வாய் பேரூராட்சி, ஊராட்சி, நகராட்சி என்று மூன்று விதமான உள்ளாட்சிகளின் எல்லைகளைத் தாண்டித்தான் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போனது. மேலே ஒருவர் கரையை உயர்த்தினால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர். எல்லைக்கோடு தெருவில் இருக்கலாம், வெள்ளத்தில் இருக்காது. வடிகாலும் குப்பையும் ஊர் ஊராகப் பார்க்க முடியாத வேலைகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்ற விஷயங்களில் உண்டு. கத்திவாக்கத்துக்குள் எண்ணூர் அனல்மின் நிலையமும் அசோக் லேலண்டும் இருந்தன. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். ஆலையின் புகையைச் சுவாசிக்கும் ஊர், அந்த ஆலை தரும் வரியையாவது தன் தெருவில் செலவழிக்கலாம் என்று நினைப்பதில் தப்பில்லை. சேர்ந்த பிறகு அந்த வரி மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் பொதுப் பையில் விழுகிறது. மறுபக்கம், ஆலை எதுவும் இல்லாத பக்கத்து ஊருக்கு அந்தப் பொதுப் பைதான் ரோடு போட்டுத் தர வேண்டும். இரண்டு நியாயமும் நியாயம்தான். ஊராட்சிகளுக்கு இன்னொரு கணக்கு: அப்போதைய நூறு நாள் வேலைத் திட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும். பெயர் மாறிய அன்றைக்கே அது போய்விடும்.

சேர்த்தவர்களே சேர்த்ததை முழுதாக நம்பவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. மாநகராட்சி எல்லை 2011இல் விரிந்தது. வருவாய் மாவட்ட எல்லை 2018இல்தான் அதற்குச் சமமாக விரிந்தது. நடுவில் ஏழு வருஷம் திருவொற்றியூர்க்காரருக்கு வீட்டு வரி சென்னை, பட்டா திருவள்ளூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்குப் பழைய சென்னையில் 50 சதவீதமும் 'இணைக்கப்பட்ட பகுதிகளில்' 25 சதவீதமும் உயர்வு என்று அறிவித்தார்கள். குறைவாகப் போட்டதில் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் பதினோரு வருஷம் கழித்தும் நாம் 'இணைக்கப்பட்ட பகுதிகள்'. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன மருமகளை இன்னும் 'புதுப்பொண்ணு' என்று கூப்பிடுவதுபோல.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. 42 தலைவர்களுக்குப் பதிலாக 93 கவுன்சிலர்கள் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் பத்து வருஷத்தில் பாதிக் காலம் அந்த 93 பேரும் இல்லை. வேறு உள்ளாட்சிகளுக்கும் அந்த இடைவெளி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சின்ன ஊரில் அதிகாரியின் அறை நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். எண்ணூரிலிருந்து ரிப்பன் மாளிகை அப்படியில்லை.

உண்மையில் 'இணைப்பு' என்று சொல்லத்தக்கவை வேறு இடங்களில் நடந்தன. 2021இல் சிவகாசியும் திருத்தங்கலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு நகராட்சிகள், ஒரே மாநகராட்சி ஆயின. அதே வருஷம் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி வந்தது. பெரியது ஒன்று மற்றதை விழுங்காமல் கூடிச் செய்த காரியம். அங்கேயும் பெயர் ஒருவருடையதாகத்தான் ஆனது என்று பல்லாவரத்துக்காரர்கள் சொல்வார்கள், அது தனிக் கதை. வடக்கிலும் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி மூன்றும் தங்களுக்குள் ஒன்றாகியிருக்கலாம். கடலுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவில், ஒரே புகை, ஒரே தண்ணீர். அந்த வழியை யாராவது அப்போது தீவிரமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு சொல்லும் நம்மிடம் தயாராக இருக்கிறது: ஒன்றியம். ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சிகள் கலைவதில்லை. தனித்தனியாக இருந்துகொண்டே, தனியாகச் செய்ய முடியாத வேலையை மட்டும் ஒன்றாகச் செய்கின்றன. நகரங்களுக்கு இந்த ஏற்பாட்டை ஏன் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. சென்னைக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் ஒரே பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970களிலிருந்து திட்டம் போட்டு வந்திருக்கிறதே. சோழர் காலத்தில் இதற்கு நேர் எதிர் ஏற்பாடும் இருந்தது: 'தனியூர்'. பெரிய ஊர் ஒன்று தன் பிடாகைகளோடு, அதாவது உட்கிடை ஊர்களோடு, நாட்டுப் பிரிவிலிருந்து விலகித் தனி அலகாக நிற்கும். உத்திரமேரூர் அப்படி ஒன்று. அந்தக் காலத்தில் நம் திருவொற்றியூர் புழல் கோட்டத்தில் இருந்தது. இன்று புழல் என்றால் ஏரியும் ஜெயிலும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

எனவே எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஏறத்தாழச் சமமானவை கூடினால் இணைப்பு. பெரியதுக்குள் சின்னது போனால் சேர்ப்பு. தனித்தனியே இருந்து வேலையை மட்டும் பகிர்ந்தால் ஒன்றியம். நகராட்சி ஒன்று யாரோடும் சேராமலே மாநகராட்சி ஆனால், 2019இல் ஆவடி ஆனதுபோல, அது தரம் உயர்வு. 'உட்சேர்ப்பு', 'உள்ளிணைப்பு' என்றெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. அத்தை சொன்னதே போதும். எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், வடிகாலுக்கும் குப்பைக்கும் ஒன்றியம். மற்றதெல்லாம் நடந்துபோகும் தூரத்தில்.

அந்த வெள்ள எச்சரிக்கை வரிசையில் முதல் மூன்று பெயர்கள், நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், இன்னும் சென்னை எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அடுத்த தடவை எல்லை விரியும்போது அரசாணையில் எந்தச் சொல் அச்சாகும் என்று பார்ப்பதற்காகவே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைக்கப்போகிறேன்.