ஃபுட் எப்படி ஃபீட் ஆனது?

‘டூத்’ பன்மையில் ‘டீத்’, ‘கூஸ்’ பன்மையில் ‘கீஸ்’. அப்படியானால் ‘புக்’ ஏன் ‘பீக்’ ஆகவில்லை? வாசகர் ஒருவரின் கேள்வி இது. நல்ல கேள்வி.

‘எஸ்’ போடாமல் நடுவிலுள்ள உயிரொலியை மாற்றிப் பன்மையாகும் சொற்கள் இன்றைய ஆங்கிலத்தில் ஏழுதான் புழங்குகின்றன: மேன், உமன், ஃபுட் (பாதம்), டூத், கூஸ், மவுஸ், லவுஸ் (பேன்). இவற்றை ‘விதிவிலக்கு’ என்று பெட்டி கட்டி மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால் அது வெறும் சோம்பேறித்தனம். இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது; அதன் பங்காளி நம் வாயிலேயே இருக்கிறது.

இலையை ‘எல’ என்கிறோம். விலை ‘வெல’, குடம் ‘கொடம்’, உடம்பு ‘ஒடம்பு’. ஆனால் கிளி, புலி, குடி மாறுவதில்லை. ஏன்? முதல் வரிசையில் அடுத்து வருவது அகரமோ ஐகாரமோ. அதற்கு வாய் திறந்தாக வேண்டும். வாய் ஓர் எழுத்து முன்னதாகவே திறந்துவிடுகிறது. இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. கொச்சை என்று திட்டுகிறார்களே, அதற்குள் இவ்வளவு ஒழுங்கு.

ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் அடுத்து வந்த ஒலி இகரம். பாதத்துக்குச் சொல் ஏறக்குறைய ‘ஃபோட்’. பன்மையில் ‘ஃபோட்டி’ என்பதுபோல் ஒரு வால். ஓகாரத்துக்கு நாக்கு பின்னால் இருக்கும், உதடு குவியும். இகரத்துக்கு நாக்கு முன்னால் வர வேண்டும். வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முந்திக்கொண்டது. உதடு மட்டும் குவிந்தபடியே நின்றது. ‘ஏ’ என்று இழுத்துக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்துப் பாருங்கள். அந்தப் பழைய ஒலி உங்கள் வாயிலேயே பிறக்கும்.

பிறகு வால் தேய்ந்து உதிர்ந்தது. மாறிய உயிரொலி மட்டும் மிஞ்சி, பன்மையின் அடையாளமே அதுதான் என்றாகிவிட்டது. உதட்டுக் குவிப்பும் போய் ‘ஃபேட்’ ஆயிற்று. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்கள் இடம்பெயர்ந்தபோது ஏகாரம் ஈகாரமாக உயர்ந்து ‘ஃபீட்’ வந்தது.

பெயரிலிருந்து வினை செய்த பழைய விகுதியிலும் இதே இகர வால் இருந்தது. அதனால்தான் ஃபூட் (உணவு) தருவது ஃபீட் (ஊட்டு), பிளட் வடிவது பிளீட், புரூட் (குஞ்சுகள்) வளர்ப்பது பிரீட். உச்சரிப்பை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்: பெயரில் இரண்டு ‘ஓ’, வினையில் இரண்டு ‘ஈ’. ஃபுல்–ஃபில் (நிரப்பு), கோல்ட்–கில்ட் (பொன்முலாம் பூசு), டேல் (கதை)–டெல் (சொல்) ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். லாங்–லெங்த், ஸ்ட்ராங்–ஸ்ட்ரெங்த், ஃபவுல் (அழுக்கான)–ஃபில்த் (அழுக்கு) ஆகியவற்றிலும் அதே வேலை. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: விழுந்தான் என்பதற்கும் ‘ஃபெல்’தான்; மரத்தை வீழ்த்தினான் என்றால் ‘ஃபெல்ட்’.

இந்தச் சூத்திரத்தைக் கண்ட இடத்திலெல்லாம் நீட்டினால் கவிழ்ந்துவிடும். மவுஸ் மைஸ் ஆனது, ஹவுஸ் ஹைஸ் ஆகவில்லை; பழைய ஆங்கிலத்தில் ஹவுஸுக்குப் பன்மை வாலே கிடையாது, ஒருமையும் பன்மையும் ‘ஹூஸ்’தான். கீரிப்பிள்ளையைக் குறிக்கும் மங்கூஸ் மராத்தியிலிருந்து போனது. அது ஆங்கிலத்துக்குள் நுழைவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மாற்றம் ஓய்ந்துவிட்டதால், பன்மை ‘மங்கூஸஸ்’தான்.

புக்? அதுவும் மாறத்தான் செய்தது. பழைய ஆங்கிலத்தில் ஒருமை ‘போக்’, பன்மை ‘பேச்’. பின்னாளில் ‘எஸ்’ பன்மை பெருகி அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஓக் மரமும் கோட் எனும் ஆடும்கூட அப்படி இழுபட்டுப் போனவைதான்.