சோஷியல் இன்ஜினியரிங்: எந்தப் 'பொறி'யைச் சொல்கிறோம்?

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு பற்றி ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். அதில் ஒரு வரி: "சமூகப் பொறியியல் தாக்குதல்கள் குறித்து எச்சரிக்கையாக இருங்கள்." சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, சரி என்று நினைத்துச் சுவரில் ஒட்டியும் விட்டேன். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா நின்று படித்தார். "இது இன்ஜினியர்களுக்குப் போட்ட நோட்டீஸ்தானே தம்பி? எங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவருக்குத்தான் அந்த அழைப்பு வந்தது. "கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறேன் மேடம். உங்கள் கணக்கில் ஒரு கோளாறு, இன்னும் பத்து நிமிடத்தில் முடங்கிவிடும். இப்போது உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும், அதை மட்டும் சொல்லுங்கள், நான் சரி செய்துவிடுகிறேன்." மரியாதையான குரல். அக்காவின் முழுப்பெயர், பிரிவு, மேலாளரின் பெயர் எல்லாம் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. எண்ணைச் சொல்லிவிட்டார். போனை வைத்த கணமே பொறி தட்டியதாம். ஆனாலும் இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அறிவிப்பை எழுதியவன் நான். அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வரி அவருக்குப் புரியவே இல்லை. அந்தச் சொல்லை நான் மறுபடி எடுத்துப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

பாதுகாப்புத் துறையில் சோஷியல் இன்ஜினியரிங் என்றால், பூட்டை உடைக்காமல் சாவி வைத்திருப்பவரையே திறக்க வைப்பது. மென்பொருளில் ஓட்டை தேடும் வேலையே இல்லை. மின்னஞ்சலில் வந்தால் பிஷிங், குரல் அழைப்பில் வந்தால் விஷிங், குறுஞ்செய்தியில் வந்தால் ஸ்மிஷிங் என்று கிளைப் பெயர்கள் உண்டு. வழி எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒருவரின் நம்பிக்கையை, பயத்தை, உதவும் குணத்தைப் பிடித்து, அவர் கையாலேயே காரியத்தை முடித்துக்கொள்வது.

இந்தச் சொல் பிறந்தபோது இப்படி ஒரு கெட்ட பொருளே இல்லை. 1894-இல் நெதர்லாந்தின் தொழிலதிபர் ஜே. சி. வான் மார்க்கன், இயந்திரங்களைக் கவனிக்கப் பொறியாளர்கள் இருப்பதுபோல, தொழிற்சாலையின் மனிதப் பிரச்சினைகளைக் கவனிக்கச் 'சமூகப் பொறியாளர்கள்' வேண்டும் என்று எழுதினார். 1909-இல் அமெரிக்காவில் வில்லியம் டோல்மன் இதையே தலைப்பாக வைத்து ஒரு நூல் வெளியிட்டார். 1945-இல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர், ஒரு சமூகத்தை ஒரேயடியாகப் புரட்டிப் போடாமல் சிறுசிறு படிகளாகத் திருத்தும் முறைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தக் காலப் பொருளுக்கு 'சமூகப் பொறியியல்' மிகச் சரியான தமிழ். அங்கே உண்மையிலேயே சமூகம் இருந்தது, திட்டமிட்டுக் கட்டும் வேலையும் இருந்தது.

அப்புறம் சொல் கைமாறியது. தொலைபேசி வலையமைப்பை ஏமாற்றி விளையாடிய இளைஞர்கள், நிறுவன ஊழியர்களிடம் தாங்களும் ஊழியர்கள்போலவே பேசித் தகவல் கறக்கும் வித்தைக்கு இதைப் பெயராக்கினார்கள். அவர்களிடமிருந்து கணினி ஹேக்கர்களிடம் போனது. 1995-இல் கைதான ஹேக்கர் கெவின் மிட்னிக், விடுதலையான பிறகு 2000-ஆம் ஆண்டு அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார்: ஆட்களிடம் பேசியே காரியம் முடிந்துவிட்டதால் தொழில்நுட்பத் தாக்குதலுக்கு அரிதாகத்தான் தேவை வந்தது என்று. இந்தப் புதிய பொருளில் சமூகம் எங்கே இருக்கிறது? போனின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். அவ்வளவுதான். போதாக்குறைக்கு நம் செய்தித்தாள்கள் தேர்தல் நேரத்துச் சாதிக் கூட்டணிக் கணக்குக்கும் இதே சொல்லைப் போடுகின்றன. கணக்குப் பிரிவு அக்கா குழம்பியதில் என்ன தவறு?

சரியான தமிழ்ச் சொல் வேண்டுமானால், அந்தப் போன் அழைப்பில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத்தான் நடத்தை அறிவியல் ஆராய்கிறது.

1966-இல் மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்கும் அவர் குழுவும் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. பாதுகாப்புத் துறைக்காகச் செய்யப்பட்டது அல்ல. ஆனால் அந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. மருத்துவமனை வார்டில் ஒரு செவிலியர் தனியாகப் பணியில் இருக்கிறார். போன் அடிக்கிறது. முன்பின் அறியாத ஒருவர், தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு, ஒரு நோயாளிக்கு 'அஸ்ட்ரோடென்' என்ற மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். நேரில் வந்ததும் கையெழுத்துப் போடுவதாகவும் சொல்கிறார். மருந்துப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது: ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம். போனில் மருந்து உத்தரவு வாங்கக் கூடாது என்பது மருத்துவமனை விதி. அந்த மருந்து வார்டின் அனுமதிப் பட்டியலிலேயே இல்லை. 22 செவிலியர்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தார்கள். மறைந்திருந்த பார்வையாளர் கடைசி நேரத்தில் நிறுத்தினார். மாத்திரைக்குள் இருந்தது தீங்கில்லாத பொருள்.

இதே சூழ்நிலையைக் காகிதத்தில் விவரித்து, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று வேறு செவிலியர்களிடம் கேட்டபோது, 12 பேரில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். செவிலிய மாணவியர் 21 பேரும் அப்படியே சொன்னார்கள். "நானாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் பொய் சொல்லவில்லை. காகிதத்தின் முன் இருக்கும் மனம் வேறு, அதிகாரக் குரல் காதில் ஒலிக்கும்போது இருக்கும் மனம் வேறு.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1977-இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதே சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார்கள். மருந்து செவிலியர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலியம். பக்கத்தில் இருப்பவர்களிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இரண்டு பேர்தான் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து கொடுக்கப் போனார்கள். மனிதர்களின் குணம் மாறிவிடவில்லை. விஷயம் தெரிந்திருந்தது, கேட்க ஆள் இருந்தது. பாதுகாப்பு நடைமுறை என்று எதையாவது உருவாக்குபவர்கள் இந்த இரண்டையும் ஏற்பாடு செய்து கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது என்பது என் எண்ணம். "கேட்பவரின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும்" என்ற எளிய விதி இப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

1978-இல் உளவியலாளர் எல்லன் லாங்கர் குழுவின் ஆய்வு இன்னொரு மூலையைக் காட்டுகிறது. நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம், "ஐந்து பக்கம் இருக்கிறது, முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் 60 சதவீதம் பேர் விட்டார்கள். அவசரம் என்று காரணம் சொன்னால் 94 சதவீதம். "ஏனென்றால் நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்று காரணமே இல்லாத காரணத்தைச் சொன்னாலும் 93 சதவீதம்! ஆனால் 20 பக்கம் என்றதும் அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை. "எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்று கோரிக்கையைச் சின்னதாக வைத்திருப்பதன் சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன். பெரிதாகக் கேட்டால் மனம் விழித்துக்கொள்ளும்.

அதிகாரம், பற்றாக்குறை, கைமாறு, விருப்பம், ஊரோடு ஒத்துப்போதல், சொன்ன சொல்லைக் காத்தல் என்று இணங்க வைக்கும் ஆறு வழிகளை 1984-இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி வகுத்துக் காட்டினார். இன்றைய மோசடிச் செய்தி எதை எடுத்தாலும் இவற்றில் குறைந்தது இரண்டு உள்ளே இருக்கும். 2020 ஜூலையில் ட்விட்டரில் உலகறிந்த பிரமுகர்களின் கணக்குகள் களவுபோனதும் அந்த நிறுவன ஊழியர்களுக்குக் கணினி உதவிப் பிரிவின் பெயரில் வந்த போன் அழைப்புகளால்தான். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் நிறைந்த இடம் அது.

இந்த ஆறில் எதுவும் கெட்ட குணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 யுஎஸ்பி டிரைவ்களைக் கீழே போட்டுவைத்தார்கள். முதல் டிரைவ் ஆறு நிமிடத்துக்குள் கணினியில் செருகப்பட்டது. 45 சதவீத டிரைவ்களில் இருந்த கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். ஏன் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில், தொலைத்தவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க என்பது. திருட வருபவன் கால் வைக்கும் படி, நம் நல்ல குணம்.

இந்த மாதிரி ஆய்வுகள் விதிகளையே மாற்றியிருக்கின்றன. கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்ற பழைய கட்டாயம் நினைவிருக்கும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வில், பழைய கடவுச்சொல் கையில் இருந்தால் 41 சதவீதக் கணக்குகளில் புதியதை மூன்று நொடிக்குள் கணினியால் கண்டுபிடிக்க முடிந்தது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், வேறென்ன? 2017-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டுதலைத் திருத்தியது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'நயவஞ்சகம்' நல்ல பழஞ்சொல். ஆனால் அது ஆளின் குணத்தைச் சொல்கிறது, முறையைச் சொல்லவில்லை. நயம் காட்டி ஏய்ப்பது மட்டுமல்ல, பயம் காட்டி ஏய்ப்பதும் இதில் உண்டே. 'நம்பிக்கை மோசடி' என்று வைக்கலாமா என்றால், ஒப்படைத்த பொருளைக் கையாடுவதற்குச் சட்டம் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. 'உளவியல் தாக்குதல்' போர்க்களப் பிரசாரம்போல ஒலிக்கிறது.

நான் கடைசியில் வந்து நின்றது, முதலில் வேண்டாம் என்று தள்ளிய சொல்லின் பாதியிலேயே: பொறி. எத்தனை பொருள் இந்தச் சிறு சொல்லுக்கு! பொறியாளர் கட்டும் இயந்திரம் பொறி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை கோட்டையின் காவல் கருவிகளை அடுக்கும்போது "மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும்" என்று தொடங்குகிறது. அங்கே பொறி என்பது தானே வளைந்து அம்பு எய்யும் காவல் இயந்திரம். "பொறிவாயில் ஐந்தவித்தான்" என்று குறளில் வரும்போது ஐம்புலன்கள். புலிப்பொறி என்றால் முத்திரை. எலிப்பொறியில் அது கண்ணி. தீப்பொறியில் நெருப்புத் துளி. இயந்திரமும் புலனும் முத்திரையும் கண்ணியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நம் துறைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா?

ஆகவே என் பரிந்துரை 'மனப்பொறி'. மனதுக்கு வைக்கும் கண்ணி. வாக்கியத்தில் எளிதாக உட்காருகிறது: மனப்பொறி வைத்தார்கள், மனப்பொறியில் சிக்கினார், மனப்பொறித் தாக்குதல். மனதில் தட்டும் பொறியோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். தட்டினால் நெருப்பு, வைத்தால் கண்ணி. பிஷிங்குக்குத் 'தூண்டில்' என்று சிலர் எழுதுவதும் இதோடு ஒத்துப்போகிறது. அது மனப்பொறியின் ஒரு வகை.

இன்னொரு சொல்லையும் இங்கே பேசியாக வேண்டும். தமிழில் 'ஏமாறு', 'ஏமாற்று' என்று இரண்டு வினைகள் உண்டு. நடந்ததைச் சொல்லும்போது நாம் பழக்கத்தில் முதலாவதைத்தான் எடுக்கிறோம். "எப்படி ஏமாந்தீர்கள்?" இந்தக் கேள்வியில் ஏமாற்றியவன் இல்லவே இல்லை. செயலைச் செய்தவர் ஏமாந்தவர்தான் என்பதுபோல வாக்கியம் அமைந்துவிடுகிறது. 1999-இல் ஆன் ஆடம்ஸும் ஏஞ்செலா சாஸும், பாதுகாப்புப் பிரிவினர் பயனாளர்களை எதிரிகளாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்த வாதத்தைத் தமிழில் சொல்ல ஒரு வினைச்சொல்லை மாற்றினாலே போதும். அக்கா இரண்டு நாள் வாய் திறக்காததற்குக் காரணம் அந்தக் கேள்விக்குப் பயந்ததுதான். அந்த இரண்டு நாளில்தான் உள்ளே புகுந்தவன் நிதானமாக எல்லாவற்றையும் அலசியிருந்தான். உடனே சொல்லியிருந்தால் கணக்கை முடக்கியிருக்கலாம்.

அறிவிப்பைத் திருத்தி எழுதினேன். "உங்களுக்கு யாரேனும் மனப்பொறி வைக்கலாம். உங்கள் பெயர் தெரிந்தவராக, அவசரப்படுத்துபவராக, அன்பாகப் பேசுபவராக இருக்கலாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு நீங்களே கணினிப் பிரிவைக் கூப்பிடுங்கள்." கடைசி வரி: "ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே சொல்லுங்கள், யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்."

ஒட்டுவதற்கு முன் அக்காவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "பொறி என்றால் எலிப்பொறி மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் கடைசி வரியில் விரல் வைத்து, "இதை மேலே போடுங்கள் தம்பி" என்றார்.

மேலே போட்டேன்.