ஒரு கமாவில் ஒன்றேகால் கோடி

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் கம்பெனி புதிதாக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கியது. அதை, கம்பெனியின் பணத்தைக் கவனிக்கும் ட்ரெஷரி சாஃப்ட்வேரில் சேர்க்க மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். எல்லா வங்கியும் தருவது அதே எம்டி940 ஸ்டேட்மென்ட்தானே?”

பெயர் என்னவோ ஒன்றுதான். வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்ப 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் அமைப்பு, கணக்கு ஸ்டேட்மென்ட்டுக்கு வகுத்த வடிவம் அது. காலையில் வங்கியிலிருந்து அந்தக் கோப்பு வரும். எந்த இன்வாய்ஸுக்கு எந்தப் பணம் என்று சாஃப்ட்வேர் பொருத்திப் பார்க்கும்.

அதில் 61 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். முதலில் 240315, அதாவது 2024 மார்ச் 15. அடுத்து 0315, கணக்கில் பதிந்த நாள். அப்புறம் வரவா பற்றா என்று சொல்லும் எழுத்து. அதை ஒட்டியே தொகை: 125000,50. நடுவில் இடைவெளியோ தலைப்போ கிடையாது. பந்தி இலையில் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று கை அறிவதுபோல, இடத்தை வைத்தே எது என்னவென்று புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த 0315 கட்டாயமில்லை, விட்டுவிடவும் வங்கிக்கு உரிமை உண்டு. பதிவை ரத்து செய்தால், வரவா பற்றா என்று சொல்லும் அந்த ஓரெழுத்து ஈரெழுத்தாகிவிடும். நான்காவது இடம், ஐந்தாவது இடம் என்று எண்ணி எழுதிய புரோகிராம் அங்கேயே தடுக்கி விழும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கமா. ஐரோப்பிய வழக்கப்படி அது தசமப்புள்ளி. நம்மூர்க்காரர் எழுதிய புரோகிராமோ, 1,25,000-இல் வரும் கமா என்று நினைத்து அதைத் தூக்கிவிடும். ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஐம்பது காசு, 12500050 ரூபாயாக நிற்கும். சும்மா இல்லை, நூறு மடங்கு!

ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய சர்வதேசத் தர வடிவத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர்ச்சீட்டு உண்டு. தொகையோடு நாணயமும் எழுதியிருக்கும், தசமத்துக்குப் புள்ளிதான். ஆனால் பழையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் நடுவில் ஒரு பொது வடிவம் வைத்துக்கொள்வார்கள். 8 வங்கி, 5 சாஃப்ட்வேர் என்றால் நேரடியாக இணைக்க 40 மொழிபெயர்ப்புகள் வேண்டும். பொது வடிவம் வழியே என்றால் வங்கிக்கு ஒன்று, சாஃப்ட்வேருக்கு ஒன்று என 13 போதும். இதற்குச் செலவழிக்கத் தயங்கும் நிர்வாகங்கள், “ஓடுற புரோகிராமைத் தொடாதே” என்பதை மட்டும் சகுனம்போல நம்புவது எனக்கு எரிச்சல்.

வாசகருக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை, கணக்குத் தொடங்கும் முன்பே மாதிரிக் கோப்பு கேளுங்கள். சாதாரண நாளுடையது வேண்டாம். ரத்தான பதிவு ஒன்றாவது இருக்கிற நாளுடையதாகக் கேளுங்கள்.