மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களின் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கினோம் என்கிறார்கள். எதற்கெல்லாம் ஒதுக்கினார்கள்?

மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில், ஆளைத் தூக்கி மாற்றுவது பற்றிப் பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி அங்கே போனபோது, ஒரு பணியாளர் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, ஒரே மூச்சில் தூக்கினார். தூக்கப்பட்டவருக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்திருந்தது. அப்படிப்பட்ட தோளில் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துபோயிருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கத் தூக்க மூட்டு நழுவி, தீராத வலியில் கொண்டுபோய் விட்டுவிடும். நாற்காலியில் ஒரு பக்க பிரேக்தான் போட்டிருந்தது. கால் தட்டுகளும் விரித்தபடியே இருந்தன.

"நான் கொடுத்த பயிற்சிக்கு நீங்க வரலையா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எனக்கு ட்யூட்டி மேடம். நான் வந்துட்டா இவரை யார் பார்த்துக்கிறது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் அலுவலக ஊழியர்கள். மீதிப்பேர் விடுமுறை நாளில், சம்பளமில்லாமல் வந்து உட்கார்ந்தவர்கள். கட்டிலருகே நின்று தூக்குகிற ஆள், அந்தக் கட்டிலை விட்டு வர முடியாததாலேயே பயிற்சிக்கு வரவில்லை. கணக்கில் மட்டும் பயிற்சி 'நிறைவுற்றது' என்று ஏறிவிட்டது.

பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பயிற்சிச் செலவு என்றதும் பயிற்றுநர் கட்டணம், அறை வாடகை, அச்சடித்த கையேடு என்று மூன்று வரியோடு பட்ஜெட் முடிந்துவிடுகிறது. பெரிய செலவு அதில் இல்லவே இல்லை. பத்துப் பணியாளர்களுக்கு எட்டு மணி நேரப் பயிற்சி என்று வையுங்கள். பயிற்றுநரின் நேரம் 8 மணி. பணியாளர்களின் நேரம் 80 மணி. அந்த 80 மணிக்கும் அவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். அவர்கள் இடத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் மாற்று ஆட்களுக்கு இன்னொரு 80 மணிச் சம்பளம் வேண்டும். இந்த இரண்டாவது 80 மணிக்குப் பணம் வைக்காதவர்கள் பயிற்சிக்குப் பணம் வைத்ததாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு நிர்வாகிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நிதி வரும் வழி பல இடங்களில் அப்படி. பயனாளியோடு செலவிட்ட மணிக்குத்தான் பணம். கற்றுக்கொண்ட மணிக்குப் பயனாளி பெயர் இல்லை என்பதால் பணமும் இல்லை. சேவைக்கான மணிக்கட்டணத்திலேயே பயிற்சிக்கென ஒரு பங்கைச் சேர்த்து வைத்தாலொழிய, நல்ல மனமுள்ள நிர்வாகிகூட ஆளை விடுவிக்க முடியாமல்தான் திண்டாடுவார். வீட்டில் தனியாக ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களின் நிலை இதைவிட மோசம். மானியம் நிறுவனங்களுக்கே போவதால், அந்தப் பணியாளர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, மறுவாழ்வுச் சேவையில் இருப்பவர்களுக்குத் தொடக்கப் பயிற்சியோடு தொடர் பயிற்சியும் தரப்பட வேண்டும் என்கிறது. அந்தத் 'தொடர்' என்ற சொல்லைத்தான் நிதி ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

தொடர் பயிற்சி ஏன் வேண்டும் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியதை உறுதி செய்துகொண்டு அடுத்த வாய் தர வேண்டும். சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்கக் கூடாது. இதெல்லாம் வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். ஆனால் ஐந்து பேருக்கு ஊட்ட ஒரே ஆள் நிற்கிற மதிய வேளையில், கரண்டியின் வேகம் தானாகக் கூடும். சாப்பிடுகிறவரின் தலை பின்னால் சாய்ந்துகிடக்கும். புரை ஏறுகிறது. சிலருக்கு இருமல்கூட வராமலே உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக முடிகிறது. இந்தத் தவறு வகுப்பறையில் தெரியாது. அனுபவமுள்ள ஒருவர் ஒரு மதியம் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துத் திருத்த வேண்டும். அப்படி நிற்பவரின் நேரத்துக்கும் பணம் வேண்டும். அந்த ஒரு மதியம், என் ஒரு நாள் வகுப்பை விடப் பயனுள்ளது என்று தயங்காமல் சொல்வேன்.

வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரத்தைக் குறிக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவியை அழைக்க வேண்டும் என்பதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நினைவூட்டுங்கள். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும்.

"பயிற்சி கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள்" என்ற மனக்குறையை அடிக்கடி கேட்கிறேன். போகிறார்கள், உண்மைதான். கற்றதற்கு ஏற்பச் சம்பளம் ஒரு படி ஏறினால் பலர் தங்குவார்கள். அப்படியும் போகிறவர், போன இடத்தில் இன்னொருவரின் தோளைக் காப்பாற்றுவார். அதனால்தான் இந்தச் செலவை ஒரு நிறுவனத்தின் தலையில் கட்டாமல் பொது நிதியிலிருந்து தர வேண்டும் என்கிறேன். சான்றிதழும் எல்லா இடத்திலும் செல்ல வேண்டும். இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வைப்பது பணத்துக்கும் நஷ்டம், அந்தப் பணியாளருக்கும் அவமானம்.

பட்ஜெட்டில் விடுபடும் இன்னொரு வரியும் உண்டு. பெருமூளை வாதம் உள்ள இளைஞர் ஒருவரை என் வகுப்பில் பாடம் எடுக்க அழைத்திருந்தேன். தன் இடுப்புப் பட்டையை எங்கே இறுக்க வேண்டும், எங்கே இறுக்கினால் மூச்சு முட்டும், தான் ஒரு வாக்கியத்தை முடிக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அன்று பணியாளர்கள் கேட்ட கேள்விகளைப் போல என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குக் கட்டணம் கொடுக்கப் போனால் கணக்கில் தலைப்பே இல்லை. கடைசியில் 'போக்குவரத்து' என்று எழுதித்தான் கொடுத்தார்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் நான் முதலில் எழுதிய வரி அவருடைய கட்டணம், 'பயிற்றுநர்' என்ற தலைப்பில், எனக்குத் தரும் அதே மணிக்கணக்கில். இரண்டாவது வரி, மாற்று ஆட்களின் சம்பளம்.