குற்றவாளி என்று அறிவித்த பிறகு வரும் அரை மணி நேரம்

“தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன கையோடு அமர்வு நீதிபதி கேட்கும் கேள்வி இது. கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார். “வயசான அம்மா இருக்காங்க ஐயா, சின்னப் பிள்ளைங்க இருக்கு, குறைஞ்ச தண்டனை கொடுங்க.” நீதிபதி குறித்துக்கொள்வார். அரசு வழக்கறிஞர் எழுந்து, கொடூரமான குற்றம், அதிகபட்ச தண்டனை வேண்டும் என்பார். கூண்டில் நிற்பவரின் வழக்கறிஞராக நான் ஐந்து நிமிடம் பேசுவேன். அவ்வளவுதான். வருடக்கணக்கில் நடந்த விசாரணையில், ஒருவர் உயிரோடு இருப்பதா வேண்டாமா என்பதற்குக் கிடைப்பது அரை மணி நேரம். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த ஐந்து நிமிடத்தைக்கூட நான் தயாரிப்பே இல்லாமல்தான் பேசினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் பேசுகிறவர்கள் இந்த அரை மணி நேரத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

1955 வரை நம் நாட்டில், கொலைக்குத் தூக்கு கொடுக்காவிட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. ஆயுள் தண்டனைதான் வழக்கம், தூக்கு என்றால் சிறப்புக் காரணம் சொல்லியாக வேண்டும். 1980-இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை செல்லும், ஆனால் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டும் என்றது உச்ச நீதிமன்றம். குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார், அவர் திருந்த வாய்ப்பே இல்லை என்பதை அரசு காட்டட்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. முதல் பாதியை எல்லா நீதிமன்றங்களிலும் கேட்கிறேன். இரண்டாவது பாதியை யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு வழக்கு. கீழ்க்கோர்ட்டில் தூக்கு விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்துக்கு உறுதிப்படுத்த வந்திருந்தது. (தூக்கு என்றால் மேல்முறையீடு போட்டாலும் போடாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். சாட்சியம் முழுவதையும் இரண்டு நீதிபதிகள் மறுபடி பார்ப்பார்கள்.) இலவச சட்ட உதவி வழியாக அது என்னிடம் வந்தது. கைதியின் அம்மா ஒரு ஜவுளிக்கடைப் பையோடு அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே ரேஷன் கார்டு நகல், பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அதன் மடிப்புக்குள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் இரண்டு புறநோயாளிச் சீட்டுகள். சம்பவத்துக்கு ஐந்து ஆண்டுகள் முந்தையவை. எழுத்து பாதி அழிந்திருந்தது. இதெல்லாம் விசாரணையில் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“யாரும் கேக்கலையே சார்.”

2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி விவரங்களை விசாரணைக் கட்டத்திலேயே திரட்டச் சொன்னது. மனநல அறிக்கை, குடும்பப் பின்னணி, படிப்பு, சிறை நடத்தை எல்லாம் நீதிபதியின் முன் இருக்க வேண்டும். நடைமுறையில் அது யார் திரட்டுகிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. பணம் இருப்பவருக்கு நல்ல வழக்கறிஞர் திரட்டுவார். தூக்குக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னபோது எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

மாற்றுச் சான்றிதழ்தானே என்று நினைக்காதீர்கள். மகாராஷ்டிரத்தில் 1994-இல் நடந்த கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவர், சம்பவத்தின்போது 12 வயதுச் சிறுவன் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று விடுதலை செய்தது. அதற்குள் 28 ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. அவர் உயிரைக் காப்பாற்றியது ஒரு பள்ளிப் பதிவேடு. நம் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிப் போடுவது எவ்வளவு சாதாரணம் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, மறுபக்கம். ஜவுளிக்கடைப் பையோடு அம்மா வந்த அந்த வழக்கில் மகனைப் பறிகொடுத்த அப்பா, நீதிமன்ற வராந்தாவில் என்னை நிறுத்தினார். “செத்தது உங்க பையனா இருந்தா இப்படி அவனுக்காக வந்து நிப்பீங்களா?” என்னிடம் பதில் இல்லை. செய்ததற்கு ஈடான தண்டனை வேண்டும் என்ற அந்தக் கேள்வியைப் பழிவாங்கும் வெறி என்று சொல்லித் தள்ள என்னால் முடியாது. மரண தண்டனைக்கு ஆதரவான வாதங்களில் மிகவும் வலுவானது அதுதான்.

தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும் என்ற வாதம் எனக்கு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் குடியிலும் ஆத்திரத்திலும் செய்தவர்கள். மீதிப் பேர் மாட்டவே மாட்டோம் என்று நம்பியவர்கள். செய்வதற்கு முன் சட்டப் பிரிவைப் பார்த்தவரை நான் சந்தித்ததில்லை. 1967-இல் மரண தண்டனையை வைத்துக்கொள்ளலாம் என்ற சட்ட ஆணையமே, 2015-இல் தந்த 262-ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட அது கூடுதலாகத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. பயங்கரவாத வழக்குகள் நீங்கலாக மற்றவற்றில் நீக்கிவிடவும் பரிந்துரைத்தது.

போக்சோ சட்டத்தில் 2019-இல் தூக்கு சேர்க்கப்பட்டது எனக்கு வேறொரு கவலையைத் தருகிறது. குழந்தையிடம் அத்துமீறுகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், சொந்தக்காரர். பெரியப்பாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்றால், புகார் கொடுக்க வரும் அம்மாவை வீட்டிலேயே நான்கு பேர் மடக்கி உட்கார வைப்பார்கள்.

அப்புறம், “ஆயுள்னா 14 வருஷம்தானே சார், வெளியே வந்து மறுபடி பண்ணுவான்” என்பார்கள். இல்லை. ஆயுள் என்றால் வாழ்நாள் முழுக்க. கொலை போன்ற வழக்குகளில் 14 ஆண்டு கழியாமல் தண்டனைக் குறைப்பு பற்றி அரசு பேசவே முடியாது என்பதைத்தான் மக்கள் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2008-இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் தொடங்கி, தண்டனைக் குறைப்பே இல்லாமல் 25, 30 ஆண்டு, அல்லது சாகும் வரை சிறை என்று உச்ச நீதிமன்றம் விதிக்கிறது. 2015-இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. இது தெரிந்த பிறகு ‘தூக்குதான் வேண்டும்’ என்ற குரல் சற்றுத் தணிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் தூக்கு வேண்டாம் என்ற பக்கம் போனதற்குக் காரணம் கருணை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நீதிமன்றங்கள் போடும் தப்புக் கணக்குதான் காரணம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், அவர்களில் 19 பேர் மீது கொலைச் சதி நிரூபிக்கப்படவில்லை என்றது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கு என்பதால் இடையில் உயர் நீதிமன்றமும் கிடையாது. இன்னொரு மகாராஷ்டிர வழக்கில், 2009-இல் ஆறு பேருக்கும் தூக்கு என்ற உச்ச நீதிமன்றமே 2019-இல் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. இழப்பீடாக ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அந்தப் பத்து ஆண்டுகளில் கயிறு தன் வேலையை முடித்திருந்தால் அந்தப் பணத்தை யார் கையில் கொடுத்திருப்பார்கள்?

வீட்டில் யாராவது கொலை வழக்கில் சிக்கினால் ஜாமீனுக்கு அலையும்போதே பழைய மருத்துவச் சீட்டு, பள்ளிச் சான்று, பிறப்புப் பதிவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100.

அந்த அப்பா அடுத்த விசாரணைக்கும் வந்திருந்தார். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எதிர்த் தரப்பு வக்கீலான என்னிடமே வந்து, “தூக்குன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் எத்தனை தடவை நான் வரணும்?” என்று கேட்டார். நான் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். இங்கே உறுதியானால் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அப்புறம் சீராய்வு மனு. ஆளுநரிடம் கருணை மனு, பிறகு குடியரசுத் தலைவரிடம். அங்கே ரொம்பத் தாமதமானால் அதையே காரணமாக வைத்து ஆயுளாகக் குறைக்கலாம் என்று 2014-இல் ஒரு தீர்ப்பு...

மூன்றாவது விரலிலேயே போதும் என்று கையமர்த்திவிட்டார். அடுத்த தேதி என்றைக்கு என்று மட்டும் கேட்டு, சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.