முலாம் கொப்புளம்: சொல் விளக்கம்

அமெரிக்க ஒரு சென்ட் காசு சேர்ப்பவர்கள் ‘பிளேட்டிங் பிளிஸ்டர்’ என்பதைத் தமிழில் முலாம் கொப்புளம் எனலாம். அந்தக் காசில் முன்பு 95 விழுக்காடு செம்பு இருந்தது. செம்பு விலை ஏறவே, 1982இல் துத்தநாக வில்லைக்கு மெல்லிய செம்பு முலாம் பூசி அடிக்கத் தொடங்கினார்கள். எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாகக் குறைந்தது. கொப்புளமும் கூடவே வந்தது. முலாமுக்கு அடியில் அழுக்கோ வாயுவோ சிக்கினால் அந்த இடம் உப்பிவிடும். காசில் இருக்கும் லிங்கன் உருவத்தின் மூக்கில் ஒன்று உப்பினால் போதும், ‘அரிய பிழைக் காசு’ என்று விற்பனைக்கு வந்துவிடும். அதன் மதிப்பு அதே ஒரு சென்ட்தான்.

முலாம், ‘முலம்மா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. தனித்தமிழில் பூச்சு எனலாம். ஆனால் சுவருக்கும் பூச்சு, மருந்துக்கும் பூச்சு. நகைக்கடையில் புழங்கும் முலாமே எனக்குச் சரியாகப் படுகிறது.

விலைபோகும் பிழை ‘டபுள்டு டை’. டை என்றால் அச்சு. நம் கல்வெட்டுகளில் காசுக்கே அச்சு என்று பெயர் உண்டு. ‘இரட்டை அச்சு’ என்று எழுதினால் இரண்டு அச்சு என்றாகிவிடும், ‘இரட்டித்த அச்சு’ பொருந்தும். முன்பு அச்சைச் செய்யும்போது அதில் உருவத்தை ஒரு முறைக்கு மேல் அழுத்திப் பதித்தார்கள். இரண்டாம் முறை சற்றே விலகினால் எழுத்து இரண்டாகிவிடும். 1955இல் பிலடெல்பியா நாணயச் சாலையில் அப்படி நேர்ந்த காசில் ஆண்டும் வாசகமும் வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. பிழை அச்சிலேயே இருப்பதால், அதில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். கொப்புளமோ காசுக்குக் காசு இடம் மாறும்.

அதிகம் ஏமாற்றுவது முலாம் கிழிசல். அடிக்கும்போது எழுத்தோரம் செம்பு இழுபட்டுக் கிழிய, உள்ளேயிருக்கும் துத்தநாகம் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். பார்க்க இரட்டிப்பு போலவே இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இரட்டித்த அச்சில் இரண்டாவது உருவமும் செம்பு நிறத்தில் மேடாக இருக்கும்.

முலாமே ஏறாத காசும் உண்டு. அது உண்மையான பிழை, விலையும் உண்டு. ஆனால் வேதிப்பொருளால் செம்பை நீக்கிவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்து விளிம்பு மழுங்கியிருந்தால் வாங்காதீர்கள்.