கவர்மென்ட் வெப்சைட்ட போன் வாசிக்கலையா? சட்டத்துல இதுக்கு வழி இருக்கு

மீன்பிடி தடைக்காலம் வந்துட்டா, அதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மண்டபம் பாம்பன் தொண்டி பக்கம் நிவாரணப் பணம் எப்ப ஏறும்ங்கறதுதான் பேச்சு. கண்ணு தெரியாத ஒருத்தர் யாரையும் கேக்காம தானே பாத்துக்கலாம்னு போன்ல டாக்பேக் ஆன் பண்றாருன்னு வைங்க, அது ஸ்கிரீன்ல உள்ள எழுத்த சத்தமா வாசிச்சு சொல்ற வசதி, ஆனா அறிவிப்ப பிரின்ட் எடுத்து கையெழுத்து போட்டு சீல் குத்தி ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்னு ஏத்தி வச்சிருந்தா டாக்பேக்குக்கு அது வெறும் போட்டோ, ஒரு வரி வாசிக்காது. பட்டனுக்கு பேர் குடுக்காம விட்டிருந்தா "பட்டன், பட்டன்"னே சொல்லிட்டு போகும், எது சப்மிட் எது கேன்சல்னு யாருக்குத் தெரியும்? கேப்சா படமும், அதான் நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிக்க படத்துல உள்ள எழுத்த டைப் பண்ணச் சொல்றது, அப்படித்தான், ஆடியோ இல்லன்னா அதோட முடிஞ்சது, பக்கத்து வீட்டுத் தம்பியக் கூப்பிட்டு ஓடிபி வரைக்கும் அவன்கிட்ட சொல்லணும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல்ல. அதோட 42வது பிரிவு இதப் பத்திதான் பேசுது, டிவி நிகழ்ச்சிக்கு சைகை மொழி, கேப்ஷன் எல்லாம்கூட அதுலயே வருது. 2017 விதிகள் இன்னும் தெளிவா, வெப்சைட்ல போடுற டாகுமென்ட் ஈபப், அதான் மின்னூல் வடிவம், அப்படியோ எழுத்த அடையாளம் காணக்கூடிய ஓசிஆர் பிடிஎஃப்பாவோதான் இருக்கணும்னு சொல்லுச்சு. தனியார் நிறுவனமும் இந்த சட்டத்துக்குள்ள வரும். மீறினா முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், திரும்பவும்னா 50,000ல இருந்து 5 லட்சம் வரை.

அப்புறம் ஏன் இந்த நெலமைன்னா, விதிய எல்லாரும் அட்வைஸ் மாதிரியே எடுத்துக்கிட்டாங்க. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல சுப்ரீம் கோர்ட் இதத்தான் புடிச்சு, கட்டாயமான விதி கொண்டு வாங்கன்னு மத்திய அரசுக்கு சொல்லிருச்சு. 2025 ஏப்ரல் 30ல இன்னொரு தீர்ப்பு. கேஒய்சி, அதான் பேங்க் மாதிரி இடத்துல நீங்க யாருன்னு சரிபாக்குறது, அதப் பண்றப்ப கண்ண சிமிட்டுங்கன்னு கேப்பாங்கல்ல, ஆசிட் வீச்சுல கண்ணு போனவங்க எதச் சிமிட்டுவாங்க? டிஜிட்டல் வசதியும் வாழ்வுரிமைக்குள்ள வரும்னு சொல்லி 20 உத்தரவு போட்டாங்க.

சில சைட்டுல மேல ஓரத்துல ஏ பிளஸ், ஏ மைனஸ்னு பட்டன் வச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு இருக்காங்க, என்னைக் கேட்டா அது கண்துடைப்பு, எழுத்து பெருசானா மங்கலா தெரியுறவங்களுக்கு உதவும், சுத்தமா தெரியாதவங்களுக்கு என்ன பிரயோஜனம்?

மனு குடுக்கணும்னா "வெப்சைட் சரியில்ல"ன்னு மொட்டையா எழுதாதீங்க. எந்த பக்கம், அதோட லிங்க், எந்த தேதி, எந்த போன், எந்த இடத்துல வாசிக்காம நின்னுச்சு, இத மட்டும் எழுதுனா போதும். முதல்ல அந்த துறைக்கே குடுங்க. திங்கக்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற குறைதீர்க்கும் கூட்டத்துலயும் குடுக்கலாம். அதுக்கும் அசையலன்னா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்க, அவருக்கு விசாரிக்கிற அதிகாரம் இருக்கு, அவர் பரிந்துரை அனுப்புனா என்ன பண்ணோம்னு அந்த ஆபீஸ் 3 மாசத்துக்குள்ள பதில் சொல்லியாகணும். எங்க குடுத்தாலும் ரசீது வாங்காம வராதீங்க, அடுத்த ஆபீஸ்ல முதல்ல அதத்தான் கேப்பாங்க.